தவராசாவின் இளஞ்சூடு

முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, மார்க்கர் பேனாவால் 'தவா' என்று எழுதி, ஃப்ரிட்ஜின் கதவில் அடுக்குகிறார் தவராசா. பன்னிரண்டு முட்டை, பன்னிரண்டு தவா. பால் பாட்டிலில் ஒன்று, தயிர் டப்பாவின் மூடியில் ஒன்று. அந்த வீட்டில் இருப்பது அவரும் மனைவி ஜலஜாவும் மட்டும்தான். முட்டையைத் தூக்கிப்போக மூன்றாவது ஆள் கிடையாது. ஆனால் மஸ்கட்டில், ரூவிப் பகுதியில், ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்று பதினேழு வருஷம் கிடந்தவருக்குப் பெயர் எழுதாத முட்டை ஊர்ப் பொது முட்டை. கை தானாக எழுதிவிடுகிறது.

இப்படிப் பழக்கங்கள் இன்னும் சில உண்டு. குளிக்கப் போகும்போது சோப்பைக் கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவருவார். ஏழு நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்து, ஜலஜா இரண்டாவது கரண்டி சோறு போட்டுக்கொள்வதற்குள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். இரவில், புதிதாக வாங்கிய பெரிய கட்டிலின் ஓரத்தில், இரண்டடிக்கு மேல் இடம் பிடிக்காமல், நேராகப் படுப்பார். மேல் அடுக்குக் கட்டிலில் இன்னொருவன் தூங்குகிறான் என்ற நினைப்பில் எழும்போது தலையைத் தாழ்த்திக்கொள்வார். ஜலஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

தவராசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். தொழில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் போய்வருவார்; வீட்டில் விருந்தாளிக்கு வைக்கிற கோப்பையில்தான் அவருக்குத் தேநீர் வரும். போன வருஷம் ஒரே மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, ஊரில் ஜலஜா தனித்துப்போனாள். இவர் துணிந்து மஸ்கட்டில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மூன்று மாத விசிட் விசாவில் அவளை வரவழைத்தார்.

அதை ஃபேமிலி விசாவாக மாற்ற கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. விண்ணப்பத்தையும் அவரே நிரப்பி வைத்துவிட்டார். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வந்த வாரமே அவளிடம் சொன்னார். "பாப்பம்," என்றாள் ஜலஜா. யாழ்ப்பாணத்துக்காரர்களின் 'பாப்பம்' தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் கேட்கக்கூடாது. தவராசாவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே ஓடிப்போனது.

ஒரு நாள் மாலை ட்யூட்டி முடிந்து வந்தவருக்கு, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, அவள் மகளோடு ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது. குறையாகச் சொல்லவில்லை, வெயில் கூடிப்போச்சு என்பதைப்போல அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இஞ்சை எல்லாம் கடையில வாங்கிறதுதான் பிள்ளை. வீட்டில ஒண்டும் உண்டாகிறேல்லை."

தவராசா ஒரு சப்பாத்தோடு அங்கேயே நின்றார். ஊரில் அவளுக்குக் கோழி உண்டு, முருங்கை உண்டு, தயிர் உறையும், மா புளிக்கும். இங்கே அவள் காலையில் பாக்கெட்டைப் பிரிக்கிறாள், மாலையில் அதைக் குப்பையில் போடுகிறாள். மஸ்கட் வந்த நாளிலிருந்து அவளுக்கு அனுப்பிய சாமான்களை எல்லாம் நினைத்துப் பார்த்தார். அத்தனையும் வாங்கியவை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வீட்டில் ஏதாவது ஒன்று உண்டாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தார். சமையலில் அவளோடு போட்டி போட முடியாது. அவருக்குத் தெரிந்தது பருப்பும் டின் மீனும்தான். தைக்கத் தெரியாது, பாடத் தெரியாது. யோசித்து யோசித்து, கடைசியில் அவர் கண்டுபிடித்தது இஞ்சி பியர். தண்ணீர், சீனி, இஞ்சி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், கொஞ்சம் எலுமிச்சை, அவர்கள் பாஷையில் தேசிக்காய். இரண்டு நாளில் தானாகவே காஸ் பிடிக்கும் என்று வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். காஸ் என்றதும் தவராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். காஸ் அடைப்பதும், காஸ் போகும் ஓட்டையைப் பிடிப்பதும்தானே பதினேழு வருஷமாக அவருடைய பிழைப்பு.

மறுநாள் வேனில் போகும்போது, "வீட்டில பியர் போடப்போறன்," என்று அவர் சொல்ல, வேனை ஓட்டிய ஐயப்பன் பிரேக்கில் காலை வைத்துவிட்டான். ஐயப்பன் ராமநாதபுரத்துக்காரன், அவரோடு ஆறு வருஷமாக ஒரே வண்டி.

"வேணாம்ணே. பியரு கியருனு மாட்டுனா ரெண்டு பேரையும் சேத்து பிளேன் ஏத்திவிட்டுருவாய்ங்க. அக்காவ வேற கூட்டியாந்து வச்சிருக்கீங்க."

அது சிறுபிள்ளைகள் குடிக்கிற இஞ்சிச் சோடா, புளித்துப் போதை வருமுன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம் என்று விளக்க தவராசாவுக்கு ஒரு சிக்னல் முழுதும் தேவைப்பட்டது. ஐயப்பன் பாதிதான் நம்பினான்.

இந்த இடத்தில் தவராசாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் அந்தக் கை பிரசித்தம். ஏசிக் காற்று வரும் வாயில் புறங்கையைக் காட்டி, "பதினெட்டு," என்பார். ஐயப்பன் டெம்பரேச்சர் மீட்டரை நீட்டிப் பார்ப்பான், பதினெட்டு இருக்கும். "இருபத்திரண்டரை," என்பார், அரையும் சரியாக இருக்கும். பந்தயம் கட்டி ஐயப்பன் வாங்கிக் கொடுத்த டீ ஏராளம். தவராசாவின் பையிலும் ஒரு மீட்டர் உண்டு. அதை வெளியே எடுப்பது தன் கைக்கு மரியாதைக் குறைவு என்பதால் அது பாட்டுக்குத் தூங்குகிறது.

வெள்ளிக்கிழமை, லீவு நாள், இஞ்சியைத் தோல் சீவித் துருவினார். சமையலறையில் ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் வாசலில் நின்று பார்ப்பது ஜலஜாவுக்குப் புது அனுபவம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றார். சீனிப்பாகும் இஞ்சியும் கொதித்தன. ஈஸ்ட்டை இளஞ்சூட்டில்தான் போட வேண்டும் என்று வீடியோப் பெண் நாலு தரம் சொல்லியிருந்தாள். தவராசா அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டி ஈஸ்ட்டைத் தூவினார். வடிகட்டி, ஆறு பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி, இறுக்க மூடி, ஃப்ரிட்ஜின் தலையில் வரிசையாக நிறுத்தினார்.

இரண்டு நாளில் பாட்டில் கல்லுமாதிரி ஆகும் என்றாள் வீடியோப் பெண். மூன்று நாள் ஆயிற்று. அமுக்கினால் பாட்டில் பதவிசாக உள்ளே போனது. காஸ் நிற்கவில்லை என்றால் ஒரு மெக்கானிக் என்ன நினைப்பான்? லீக் என்று நினைத்தார். சோப்பு நுரை அடித்து ஆறு மூடியிலும் தடவி, டார்ச் வெளிச்சத்தில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சந்தேகத்துக்கு, மூடி மரையில் எல்லாம் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி மறுபடி இறுக்கினார். ஆறாம் நாள் ஒன்றைத் திறந்தார். ஒரு சத்தமும் இல்லை. இஞ்சி போட்ட சீனித் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆறு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தார். "கலாஸ்," என்றார் தனக்குள், முடிந்தது என்பதற்கு அரபிக்காரர் சொல்வதுபோல. விசாவில் அப்போது பத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது. பாட்டிலைக் கழுவும்போது அவர் முகம் சின்னதாகிப் போயிருந்தது.

ஜலஜா பக்கத்தில் வந்து, ஈஸ்ட் போடேக்க தண்ணி என்ன சூடு என்று கேட்டாள். இளஞ்சூடு, நான் கை வைச்சுப் பாத்தனான் என்றார் இவர். அவள் ஒரு பானைத் தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.

"இளஞ்சூடு வரேக்க சொல்லுங்கோ."

தவராசா இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டார். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றார். தண்ணீரிலிருந்து ஆவி வரத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் என்றார்.

"ஆ, இப்ப. இதுதான் இளஞ்சூடு."

விரல் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. ஜலஜா தன் விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்து உதறினாள். அடுப்பை அணைத்துவிட்டு அவருடைய பையைத் துழாவி மீட்டரை எடுத்து அவரிடமே கொடுத்தாள். தவராசா அதைப் பானைக்குள் விட்டார். ஐம்பத்தெட்டு. ஈஸ்ட் என்ன, ஈஸ்ட்டின் பரம்பரையே தாங்காது. கம்பெனி மெச்சிய கை, குளிரில் அரை டிகிரி பிசகாத கை, சூட்டில் இருபது டிகிரி பொய் சொல்லியிருந்தது.

அவள் அவருடைய கையைப் பிடித்து ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோனாள். செம்புக் குழாய் பற்றவைத்துப் பற்றவைத்து விரல்களில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. உள்ளங்கைத் தோல் தடித்து, ரேகை பாதிக்கு மேல் அழிந்திருந்தது. ஜூன் மாதத்து மொட்டைமாடியில், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தகரத்தை நாளெல்லாம் கழற்றி மாட்டிய கை. கல்யாணமான பெண் புருஷன் கையைப் பார்க்காமலா இருப்பாள்? பார்த்திருக்கிறாள், லீவுக்கு லீவு. அப்போதெல்லாம் பலகாரம் சுடவும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவுமே ஒரு மாதம் முடிந்துவிடும்.

"இதுக்கு ஒண்டும் சுடுறேல்லையோ?"

"முதல் ரெண்டு வருசம் சுட்டது," என்றார் தவராசா. "பிறகு பழகீட்டுது."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

"ஃபோனில என்னெண்டு சொல்லுறது? நீர் சாப்பிட்டீரோ எண்டு கேப்பன். அது போதும்தானே."

அவள் முகத்தில் கோபம் ஏறியது. அழுகையை அடக்கினால் அவள் முகம் அப்படித்தான் ஆகும் என்பதைத் தவராசா அன்றுதான் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஃபோனில் அது தெரியாது. தன்னால் அவள் மனம் நொந்துவிட்டதே என்று சங்கடமாக இருந்தது. கூடவே, கையை அவள் இன்னும் விடவில்லை என்பது சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த புதன்கிழமை இரண்டாம் தடவை போட்டார்கள். இப்போது இருவர் வேலை. இஞ்சி துருவுவது அவர், சூடு பார்ப்பது அவள். "பொறுங்கோ, இன்னும் ஆறோணும்," என்று அவள் சொல்லும்போதெல்லாம் தவராசா ஈஸ்ட் பாக்கெட்டோடு கைகட்டி நின்றார். எதற்காக இதை ஆரம்பித்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் வாசலில் நின்று கேட்டதைச் சொல்லிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் பானையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, தேசிக்காயைக் கடைசியாகப் பிழிந்தால்தான் கசக்காது என்றாள்.

வியாழக்கிழமை காலை அவர் பாட்டிலை அமுக்கினார். அமுங்கவில்லை. பல் விளக்காமல், லுங்கியைக் கட்டாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பாட்டிலோடு படுக்கையறைக்குப் போய் அவளை எழுப்பி அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அரைத் தூக்கத்தில் அவளும் அமுக்கிப் பார்த்து, ஓம், கல்லுதான் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐயப்பனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். வரும்போது அவன் தோளில் ஒரு சின்ன மூட்டை மண் இருந்தது. அக்கா நர்சரியில் வாங்கிவரச் சொன்னாங்க என்று பால்கனியில் இறக்கினான். தவராசாவின் கவனம் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. முதல் பாட்டிலைத் திருகியதும் சீறிக்கொண்டு வந்த நுரை அவர் சட்டையிலும் சுவரிலும் ஐயப்பன் தட்டிலும் விழுந்தது. மீதியை மூன்று டம்ளரில் ஊற்றினார்கள். இஞ்சி தூக்கல். ஐயப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சளி இருந்தா ஒரே நாள்ல ஓடிரும்ணே என்றான் மரியாதையாக. ஜலஜா தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்றுக்கு நீட்டினாள். தவராசா சாப்பிட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

ஐயப்பன் போன பிறகு அவள் பால்கனிக்குப் போனாள். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பெயிண்ட் வாளியில் மண்ணை நிரப்பினாள். துருவாமல் மிஞ்சிய இஞ்சித் துண்டு ஒன்றில் பச்சையாக ஒரு முளை விட்டிருந்தது. அதை மண்ணில் வைத்து, மேலே இரண்டு பிடி மண் தூவினாள். தவராசா கதவோரம் நின்றார்.

"எப்ப கிண்டலாம்?" என்று கேட்டார்.

"எட்டு மாசம் போகோணும். ஒம்பது எண்டால் இன்னும் நல்லது," என்று சொல்லி, கை மண்ணைத் தட்டினாள்.

விசாவில் இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். எட்டாவது மாதத்துக்கு மார்கழி வந்தது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினார், மறுபடியும் மார்கழிதான் வந்தது. உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் பால்கனி மூலையில் சாக்கடைத் துவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் உட்கார்ந்து அதன் கிளிப்பைக் கழற்றினார். குழாயை வளைத்துச் சுவரோடு நிறுத்தி, நுனியை வாளிக்கு மேலே கொண்டுவந்தார். முதல் சொட்டு வாளியின் விளிம்பில் விழுந்து தெறித்தது. குழாயை ஓர் அங்குலம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொட்டு மண்ணில் விழும்வரை காத்திருந்தார்.