கடல் வராத இரண்டு நாட்கள்

சித்திரை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கிய காலையில்தான் ஜப்பானில் பெரிய பூமியதிர்ச்சி என்று செய்தி வந்தது. அக்காவின் கணவர், எங்கள் மச்சான், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய போன் அணைந்து கிடந்தது. இது நடந்து ஆறு வருடமாகிறது. மட்டக்களப்பு வாவியைக் கடக்க வழி கேட்டுச் சிலர் எழுதியதால் இப்போது சொல்கிறேன்.

ஜப்பான் கடலுக்கும் எங்கள் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று வானொலியிலேயே சொன்னார்கள். யார் கேட்டது? நாங்கள் சூடு கண்ட பூனைகள். பூமி எங்கே குலுங்கினாலும் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிவிடும். சனம் வாவியைக் கடந்து, கடலில்லாத மறுகரையான படுவான்கரைக்குப் போய்விடும்.

"கெதியா வாங்க புள்ளையள், பாதை வெளிக்கிடப் போகுது" என்று அம்மா எங்களைத் துரத்தினார். இங்கே பாதை என்றால் ஆள், மோட்டார் சைக்கிள், ஆடு எல்லாம் ஏறும் தட்டையான மிதவை. அக்கரையில், அம்பிளாந்துறையில் சித்தி வீடு.

நடு வாவியில் அக்கா பதறினாள். "ஐயோ அம்மா, போனை சார்ஜில போட்டுட்டு வந்திட்டன்!"

"கடந்தாப் பிறகு ஒருத்தரும் திரும்பிப் போகப்படாது."

அது எங்கள் வீட்டுச் சட்டம். சுனாமியன்று எங்களை மேட்டில் சேர்த்துவிட்டு, ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போன அப்பா வரவேயில்லை. 

சித்தி வீட்டில் வீடு கொள்ளாத சனம். எல்லாருடைய போனிலிருந்தும் மச்சானுக்கு அடித்துப் பார்த்தோம், மணி போகவில்லை. அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பயந்த நாட்களை நினைத்தால் இப்போது ஏக்கமாக வருகிறது. சித்தியின் இறால் சொதி, முற்றத்தில் ஓயாத பேச்சு, இரவில் அம்மாவுக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். அக்கா கல்யாணம் கட்டிய பிறகு மூவரும் ஒன்றாகப் படுத்தது அந்த இரண்டு இரவுகள்தான்.

மூன்றாம் நாள் விடிய அம்மாவைக் காணவில்லை. துறைக்கு ஓடினோம். வந்துகொண்டிருந்த பாதையின் முன்பக்கம் அம்மா நின்றிருந்தார், காதில் அக்காவின் போன்.

"இந்தா, மருமகன். அவருக்கு ஒண்டுமில்ல."

விடுதியிலிருந்து வெறுங்கையோடு ஓடிய மச்சான், யாருடையதோ போனில், மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. யாரும் எடுக்காததால், கடல் எங்களைக் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்து அழுதாராம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் குருக்கள்மடம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். காலைப் பாதையில் போங்கள், மதியத்தில் வெயில் வாட்டிவிடும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியவர்களின் எண் இரண்டையாவது மனதில் வைத்திருங்கள்.

அம்மா இப்போது இல்லை. அன்று போன் பேசி முடிந்ததும் அக்கா அழுதுகொண்டே கத்தினாள், "திரும்பிப் போகப்படாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அம்மா சேலையில் பட்ட ஈரத்தை உதறினார். "உங்களைத்தான் போகப்படாதெண்டு சொன்னன் புள்ள."