நோட்டீஸைப் புரட்டியவர்

திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல் மண்டி வைத்திருந்தவர் அவர். உப்பு அரித்த விரல்கள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எந்தத் தோல் வந்தாலும் முதலில் புரட்டிப் போட்டு, கத்திக் கீறல் இருக்கிறதா என்று உட்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அப்போது நான் ஒரு வங்கிக்காக வியாபாரிகளிடம் கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

“மூணு மாசத்துல நாலு லட்சம் செலவு பண்ணுனா இருபதாயிரம் போனஸ், பாய்” என்று நோட்டீஸை நீட்டினேன்.

அதையும் புரட்டினார். நான் ஒருநாளும் படித்திராத பொடி எழுத்தை நிதானமாகப் படித்து முடித்தார்.

“தோல் கொண்டாறவுக எல்லாரும் ரொக்கந்தான் கேப்பாக. கார்டுல நாலு லட்சத்துக்கு நான் என்னத்த வாங்குறது தம்பி? வேண்டாததத்தான் வாங்கணும்.”

நான் எழுந்தேன்.

“நீங்க மாசம் எத்தன கார்டு விக்கணும்?” என்றார்.

“பதினஞ்சு. முடிச்சாத்தான் இன்சென்டிவ்.”

“முடியலைன்னா?”

“போன மாசம் ஒண்ணு கொறைஞ்சுச்சு. மச்சானுக்கு வேண்டாததுதான், அவரு கடை பேருல போட்டுட்டேன்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் பளபளப்பான பக்கம் மேலே வரும்படி நோட்டீஸைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.