பெல் அடித்தால் மெயின் ஆஃப்

ஒய்2கே வேலைக்கு, அதாவது 2000 பிறக்கும் முன் பழைய ப்ரோக்ராம்களைத் திருத்த, ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் கூவிய காலம். உத்திரமேரூரில் துரைசாமி சார் தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் போர்டை மாற்றி 'மெயின்ஃப்ரேம் சென்டர்' ஆக்கினார். மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், அதைச் சென்னையோடு இணைக்க ஒரு போன் லைன், எல்லோருக்கும் சேர்த்து ஒரே யூசர் ஐடி.

முதல் நாள் பாடம் இது.

"LOGON அடிச்சா ஒனக்குன்னு ஒரு மெஷின் வரும். IPL CMS அடிச்சா புச்சா கெளம்பும். BEGIN அடிச்சா நின்ன எடத்துலேர்ந்து ஓடும். எங்க, எல்லாரும் சொல்லுங்க!"

"மெஷின் எங்க சார் கீது?" என்றேன் நான்.

"கண்ணுக்குத் தெரியாதும்மா. அதான் வர்ச்சுவல்."

ஃபீஸ் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

போர்டை மாற்றியவர் பெல்லை மாற்றவில்லை. டைப்ரைட்டிங்கில் நேரம் முடிந்து பெல் அடித்தால் பேப்பரை உருவி, மெஷினுக்கு உறை போட்டு எழுந்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். எழுந்திருக்காதவர்களுக்காக மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார், மகானுபாவர்.

டெஸ்ட் நாள் வந்தது. மதியம் சென்னைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ப்ரோக்ராம்களைத் திறந்து பார்ப்பார்கள். தேறினால் வேலை. தேறாவிட்டால் நான் அம்மாவோடு தென்னேரிக்கு நடவுக்குப் போக வேண்டியதுதான். பாதி அடித்திருந்தேன். நடுநடுவே SAVE அடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது அடுத்த மாத சிலபஸாம்!

பெல் அடித்தது. திரை இருண்டது.

"ஐயோ சார், எல்லாம் பூட்ச்சே!"

"அதுக்கு நா இன்னா பண்றது? பெல்லுன்னா பெல்லு. எய்ந்திரு."

அழுதுகொண்டே எழுந்தேன். அடுத்த முறை காதர் அண்ணனுடையது. வாலாஜாபாத் துணிக்கடைக்காரர் மகன், அவருக்கும் அதே டெஸ்ட். மெயினைப் போட்டு LOGON அடித்தார். வழக்கமான வரவேற்பு வரவில்லை. RECONNECTED என்று வந்து நின்றது.

"இன்னாடா இது பேஜாரு! IPL CMS அடிச்சி புச்சா ஆரம்பி" என்றார் சார்.

காதர் அண்ணன் அடித்துவிட்டார். Enter மட்டும்தான் பாக்கி. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, தட்டாதீங்க! புச்சா கெளம்பினா என்னுது பூடும். நாம அணைச்சது இந்தப் பொட்டியத்தான். மெஷின் அங்க சென்னைல அப்டியே நின்னுக்கினு கீது. BEGIN அடிச்சா நின்ன எடத்துலேர்ந்து ஓடும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சார் உத்தரத்தைப் பார்த்தார். ஒப்பிக்க வைத்தாரே தவிர, அதற்கு அர்த்தம் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

காதர் அண்ணன் அடித்ததை அழித்து BEGIN அடித்தார். திரை சிமிட்டியது. என் ப்ரோக்ராம் வந்தது! வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"குந்து. முடிச்சிட்டு எய்ந்திரு."

"ஒங்க டைமாச்சேண்ணே?"

"எனக்குக் கட கீதும்மா. ஒனக்கு இன்னா கீது?"

நான் முடித்து, FILE அடித்துச் சேமித்தபோது அடுத்த பெல். மெயின் ஆஃப். சட்டம் சட்டம்தானே!

எனக்கு வேலை கிடைத்தது. சார் என் போட்டோவை வாசலில் மாட்டி, 'எங்கள் பயிற்சியின் வெற்றி' என்று எழுதிவைத்தார். காதர் அண்ணன் இன்றும் கடையில் துணி அளக்கிறார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம் சொல்வேன். அடிக்கடி SAVE அடியுங்கள். அதைப் பெல் கற்றுக்கொடுத்தது. பக்கத்தில் ஒருவர் தவித்தால் எழுந்து இடம் கொடுங்கள். அது எந்த சிலபஸிலும் இல்லை.