எவர்சில்வர் வண்டியில் ஒரு கை

எங்கள் தெருவில் யாரும் அதைச் சவ வண்டி என்று சொல்ல மாட்டார்கள். 'எவர்சில்வர் வண்டி' என்பார்கள். "எவர்சில்வர் வண்டி வெளிய போயிருக்குதா?" என்று யாராவது கேட்டால், எந்த ஊரில் யார் இறந்தது என்று கேட்பதாக அர்த்தம். நைனா ஒரு பழைய சரக்கு வேனை வாங்கி, அரக்கோணத்தில் ஒரு பட்டறையில் விட்டு, மேல்கூடு முழுவதையும் எவர்சில்வர் தகட்டில் செய்து எடுத்துவந்தார். பெயிண்ட் கிடையாது, எழுத்து கிடையாது. இரண்டு பக்கமும் சாமி படம் ஒட்டித் தருகிறேன் என்றாராம் பட்டறைக்காரர். "சர்ச்சுக்காரங்களும் கூப்புடுவாங்க, நாமம் போடுறவங்களும் கூப்புடுவாங்க. வெறுமா வுடு. வெறுமா இருந்தா எல்லாருக்கும் ஆவும்" என்று சொல்லிவிட்டார் நைனா.

நைனா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் இல்லை. நான்தான் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். தினமும் ரயிலேறிப் போய் வேதியியலில் பட்டம் வாங்கினேன். வேலைக்கான தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் வண்டி கழுவுவது என் வேலையாயிற்று.

அதற்கு முன் அம்மா கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவர்சில்வர் என்றால் பாத்திரம். கம்பி நாரும் பாத்திரத் தூளுமாக, குண்டான் தேய்ப்பதுபோல் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டாள். வெயில் பட்டதும் பின்கதவு முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல். ஒரே வாரத்தில் கீறல்களுக்குள் டீக்கறை நிறத்தில் புள்ளிகள்.

"எவர்சில்வர் துரு புடிக்குமாடா? ஏமாத்திட்டான் பட்டறக்காரன்" என்று நைனா குதித்தார்.

"தகடு துரு புடிக்கல நைனா. அம்மா தேச்ச நாரு இரும்பு. அந்தத் துணுக்கு உள்ள மாட்டிகினு துரு புடிக்குது."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தேக்கிறேன், என் குண்டான் எதுனா துரு புடிச்சிதா?" என்றாள் அம்மா. "படிச்சிட்டு வந்து மொத கேஸே என் மேலதான் போடுறான்."

தகட்டை உற்றுப் பார்த்தால் மயிரிழைபோல் கோடுகள் தெரியும். முன்னாலிருந்து பின்னால், ஒரே போக்கில் ஓடும். துணி அந்தப் போக்கிலேயே போக வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் அது ஆயுளுக்கும் நிற்கும். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதனால் கழுவிய கையோடு துடைக்க வேண்டும். சுடுகாட்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் தெளிக்கும் பிளீச்சிங் பவுடர் சக்கரத்தில் அடித்துக் கீழ்த்தகட்டில் ஒட்டியிருக்கும். அதை அன்றைக்கே கழுவாவிட்டால் எவர்சில்வரையும் குத்திக் குழியாக்கிவிடும். இதையெல்லாம் கொஞ்சம் படித்தும் நிறைய கெடுத்தும் கற்றுக்கொண்டேன்.

பூமாலைச் சாறு, சந்தனம், பால், ஊதுவத்திச் சாம்பல் எல்லாம் சோப்புத் தண்ணீரில் போய்விடும். கைகள்தான் சிரமம். வெறும் தகட்டில் விரல் பட்டால் போதும், எண்ணெய்ப் பசை அப்படியே உட்கார்ந்துவிடும். நைனா எவ்வளவு மெதுவாக வண்டியை எடுத்தாலும் யாராவது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். உள்ளங்கை அழுந்திய இடத்திலிருந்து நான்கு விரலும் நீண்டு, மூன்றாகி, கடைசியில் ஒற்றை விரல் கோடாக இழுத்துக்கொண்டு போய் முடியும். தோள் உயரத்தில் இருந்தால் ஆண். இடுப்புயரத்தில் இருந்தால், கீழே உட்கார்ந்துவிட்ட யாரோ. மறுநாள் காலையில் நான் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். அவர்களுடைய வீடு எது என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் கையை விட்ட இடம் மட்டும் தெரியும்.

எதிர்வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டாம் வகுப்பு. அம்மையார்குப்பத்திலிருந்து வாழ வந்தவள் அதன் அம்மா. அவளை நான் அக்கா என்பேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். கணவர் விடிகாலை ரயிலுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் வரை குழந்தை என் பக்கத்தில்தான் நிற்கும்.

"அண்ணா, இதுல எனக்கு மூஞ்சியே இல்ல."

உண்மைதான். கோடு போட்ட தகட்டில் முகம் தெளிவாகத் தெரியாது. சீருடையின் நிறமும், மேலே ஒரு மாநிறத் திட்டும்தான் தெரியும். அதைச் சிரிக்க வைக்க ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். தகட்டின் அருகே வாயை வைத்து 'ஹா' என்று ஊதினால் புகை படியும், அதில் விரலால் எழுதலாம். எழுத்து மறைந்துவிடும். மறுபடி ஊதினால் மறுபடி வரும். அதற்கு அது பெரிய மந்திரமாக இருந்தது. தினம் ஒரு எழுத்து எழுதி, மறைந்ததும் ஊதி, கை கொட்டும்.

"அடியே! அந்த வண்டியாண்ட போவாதன்னு எத்தினி தபா சொல்றது? வா, தலைக்கு ஊத்தணும்" என்று அக்கா உள்ளிருந்து கத்துவாள்.

"சும்மா எவர்சில்வர்தாங்கா. உங்க வூட்டுக் கொடம் மாதிரிதான் இதுவும். தொட்டா இன்னா ஆவப்போவுது?"

"ஆங், நீ படிச்சவன். சொல்லுவ."

பாதிச் சிரிப்போடுதான் சொன்னாள். குழந்தைக்குத் தினமும் இரண்டாவது குளியல் நடந்தது.

பிளீச்சிங் பவுடர் அரிப்புக்கு ஒரு வழி தேடி, தகட்டின் மேல் கண்ணாடிபோல் இறுகும் பூச்சு ஒன்றை வரவழைத்தேன். விரல் நீளப் பாட்டில். பூசினால் தண்ணீர் தாமரை இலையில்போல் உருண்டு ஓடும், அழுக்கு பிடிக்காது. ஒரே நிபந்தனை, பூசும் முன் தகட்டில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். மூன்று பக்கம் முடிந்திருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து நைனாவுக்குப் போன் வந்தது, சாயங்காலம் வண்டி வேண்டும் என்று. அதற்குள் பூச்சு இறுக வேண்டும்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் குழந்தை ஓடிவந்து, பின்சக்கரத்துக்கு மேலே வலது கையைப் பதித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. காய்ந்த துணியால் இரண்டு தடவை இழுத்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. பூசிவிட்டேன்.

அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தது.

சுடுகாட்டுக்கு எங்கள் வண்டியில்தான் போயிற்று. வழக்கமாக வண்டியில் போடும் சாவுப் பாட்டை நைனா அன்று போடவில்லை. அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியின் பக்கத்தை அன்று யாரும் பிடிக்கவில்லை. மறுநாள் துடைப்பதற்கு எதுவுமே இல்லாமல் துணியோடு நின்றேன்.

பிறகு குழாயடியில் பேச்சு எழுந்தது. "அந்த வண்டியத் தொட்டுத் தொட்டு வெளையாடிச்சே" என்று. என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஆனால் வண்டி தெருவில் நுழையும்போதெல்லாம் அவளுடைய தையல் மெஷின் நின்றுவிடும், நாங்கள் கடந்த பிறகுதான் மறுபடி ஓடும். நைனா வண்டியைத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்த ஆரம்பித்தார்.

மார்கழிப் பனி தொடங்கியது. ஒரு காலை துணியும் வாளியுமாகப் போனேன். வண்டி முழுக்கப் பனி முத்து முத்தாக நின்றிருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் முத்து இல்லை. அங்கே ஈரம் தட்டையாகப் படர்ந்திருந்தது. ஐந்து விரல். சின்ன உள்ளங்கை. கட்டைவிரல் கொஞ்சம் விலகி.

எனக்குக் காரணம் தெரியும். பசை இருந்த இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை, பிடிக்காத இடத்தில் தண்ணீர் உருளாமல் படர்கிறது. காரணம் தெரிந்தும் துணியை வாளியிலேயே போட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் மறைந்தது. குனிந்து ஊதினேன். மறுபடி வந்தது.

அன்றிலிருந்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கழுவினேன். தினமும் ஒரு தடவை ஊதிப் பார்ப்பேன். உலகத்தில் அந்தக் குழந்தையின் கை இருக்கும் ஒரே இடம் இது, இதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் அக்காவிடம் காட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். குடம் மாதிரிதான் என்று நான் சொன்ன வாக்கியம் காதில் கேட்கும்போதெல்லாம் அதைத் தள்ளிப்போட்டேன்.

நைனா ஒரு காலை பார்த்துவிட்டார்.

"தொடச்சி எடுத்துடுறா."

"வராது நைனா. பூச்சுலயே பதிஞ்சி கீது."

"வராதா, உனக்கு வேணாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தை பிறக்கச் சில நாட்கள் இருந்தன. குழாயில் தண்ணீர் வராததால் அக்கா குடத்தோடு தொட்டிக்கு வந்திருக்கிறாள். நான் குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பின்னால் நிற்கிறாள். தகட்டிலிருந்து புகை இன்னும் விலகவில்லை.

நான் சொல்லாமலே அவள் கண்டுகொண்டாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பத்துலேர்ந்து கீது இது?"

சொன்னேன். பூச்சு பூசிய நாளை, ஸ்பிரிட் தீர்ந்ததை, அவசரத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தாங்கா ஒழுங்கா தொடைக்கல. உங்களாண்ட காட்டணும்னுதான் இத்தினி நாளா அழிக்காம வச்சிருந்தேன்" என்றேன்.

"அதுக்கப்புறம் எத்தினி நடை போச்சு வண்டி?"

"இன்னாங்கா?"

"அவ போனப்புறம். எத்தினி பொணம்?"

எண்ணிப் பார்த்தேன். "பதினொண்ணு."

"பதினோரு தபா எம்புள்ள சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்துகிறா." குரலை உயர்த்தவே இல்லை அவள். "ஒரு தபா போனது போதாதாப்பா அவளுக்கு?"

காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்த அத்தனை நாளும் அந்தக் கை ஊர் ஊராக, முன்பின் தெரியாத ஒவ்வொருவரோடும் போய்வந்திருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் பாதி நடைகளில் நானும் வண்டியில்தான் இருந்தேன்.

"தொட்டதாலதான்னு ஊரு சொல்லுது. அப்டி இல்லன்னு எனக்குத் தெரியும். கொசுவால வந்த காச்சல்னு டாக்டரு சொன்னாரு" என்றாள். "ஆனா இதுல அவ இருக்கக் கூடாது. எடுத்துடு. என் கண்ணெதிர்ல எடு."

வீட்டுக்கு ஓடிப் போய் பாலிஷ் பசையும் மெல்லிய தேய்ப்பானும் எடுத்து வந்தேன். பூச்சையே உரித்தால்தான் அது போகும். கோட்டுப் போக்கில், முன்னிருந்து பின்னாக, தேய்த்தேன். ஒரு இழுப்பு குறுக்கே போய்விடுமோ என்று பயமாக இருந்தது. துணியால் பசையைத் துடைத்தேன்.

அக்கா முட்டி போட்டு, தகட்டருகே வாயைக் கொண்டுபோய், 'ஹா' என்று ஊதினாள்.

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சுண்டு வெரலு கீது."

தேய்த்தேன். ஊதினாள். "இங்க, கட்டை வெரலாண்ட." தேய்த்தேன். ஊதினாள். உள்ளங்கையின் அடிப்பக்கம் பிறை மாதிரி நின்றது. அது போவதற்கு நிறைய நேரம் பிடித்தது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள், நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் ஊதியபோது புகை சீராகப் படிந்து, ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒன்றுமில்லாமல் போயிற்று.

"இல்ல" என்றாள்.

நான் சாமான்களை வாளியில் போட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில் இன்னொரு தடவை ஊதினாள். புகை போகும் வரை பார்த்தாள். ஒரு சாண் தள்ளி, எதுவும் இருந்திராத இடத்தில் ஊதினாள். அதற்கும் தள்ளி ஒரு தடவை. பிறகு முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு நடந்தாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

மதியம் நைனாவுக்குப் போன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகக் கிளம்பினோம். எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலைத் தாண்டும்போதும் அது நிற்கவில்லை. நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வெயிலைத் தவிர எதுவும் இல்லை.