கிரீஸ் கோயிலில் பறித்த பூ

இன்று காலை சிட்னி விமான நிலையத்தில் என் மனைவி ஒரு வாடிய காட்டுப்பூவைக் கையில் பொத்திக்கொண்டு, கொடுக்கமாட்டேன் என்று நின்றாள்.

கிரீஸில் இடிந்து கிடந்த பழங்கோயிலில், கல்லிடுக்கில் பூத்திருந்த சிவப்புப் பூ அது. வெறும் பீடத்தில் நாலைந்தை வைத்துக் கும்பிட்டவள், ஒன்றைப் பிரசாதமாகக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறாள்.

வெளிநாட்டுப் பூ உள்ளே வரக்கூடாது, குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்றார் அதிகாரி.

"பிரசாதத்தைக் குப்பையில போடுறதோ?" என்றாள் என்னிடம்.

"சாமியே இல்லாத கோயிலில என்னப்பா பிரசாதம்?"

"சாமி இருக்கிற எங்கட மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு நீங்கள் கடைசியா எப்ப வந்தனீங்கள்?"

அவள் கோயிலுக்குப் போகும் வெள்ளி மாலைதான் டூங்கபியில் என் மளிகைக் கடைக்கு நல்ல வியாபாரம். அது அவளுக்கும் தெரியும். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

பேரம் படிந்தது. பூ தொட்டிக்குள் போனது. இனி வெள்ளி மாலைகளில் நான் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு முருகனிடம் போகவேண்டும்.

டூங்கபிக்காரர்களே, சாமான் வாங்க வியாழனே வந்துவிடுங்கள்.