வக்கீல் சார் போட்ட கையெழுத்து

அந்த மனிதரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வக்கீலாக இருந்து, எம்.பி. ஆகி, கடைசியில் ஏதோ ஒரு நாட்டுக்குத் தூதராகப் போனவர். எங்கள் நில வழக்கு அவரிடம்தான் இருந்தது. கூடுவாஞ்சேரிப் பக்கம் எங்களுக்கு இருந்த ஒரே நிலத்தில் மனை போட்டு விற்கிறவர் ஒருவர் கல் நட்டுவிட்டார். அதை மீட்கத்தான் வழக்கு.

எம்.பி. ஆனதும் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். தூதராகிறார் என்று கேள்விப்பட்டு அப்பா சேலையூரில் வேறு வக்கீலைப் பார்த்தார். பழையவர் வக்காலத்துத் தாளில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் புதியவர் வழக்கைத் தொடமாட்டாராம். திங்கட்கிழமை விசாரணை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அவருக்கு வழியனுப்பு விழா. அன்றைக்கே விமானம்.

ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போன அப்பாவை மேடைப் படியில் ஒருவன் மறித்தான்.

“யோவ், சார் ஃபாரின் போறாரு, நீ இன்னாய்யா கேஸ் கட்டத் தூக்கினு வந்துகீற?”

“ஒரே கையெழுத்துதாம்பா...”

“போய்யா, பேஜார் பண்ணாத!”

மாலை போடும் பிள்ளைகளை மட்டும் மேலே விட்டார்கள். அப்பா என் கையில் தாளைத் திணித்தார். புது ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. “சார், கையெழுத்து” என்பது மட்டும் எப்படியோ வந்தது.

அவர் தாளைப் படித்தார். மறுபக்கம் திருப்பியும் படித்தார். எத்தனை ஆயிரம் வக்காலத்து பார்த்த கண்! பக்கத்து நாற்காலிக்காரரை ஒரு முறை பார்த்தார். எங்கள் நிலத்தில் கல் நட்டவர் அவர்தான். விழாச் செலவும் அவருடையதுதான்.

“ஆட்டோகிராப் கேக்கறான் பாருங்க!” என்று சிரித்து, தாளின் குறுக்கே ‘நன்றாகப் படி’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கன்னத்தையும் தட்டினார். கூட்டம் கைதட்டியது. வெட்கங்கெட்ட நானும் சிரித்தேன்.

கீழே அப்பா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“படிச்சுப் பாத்தாராடா?”

“ரெண்டு பக்கமும் படிச்சாருப்பா” என்றேன் பெருமையாக.

மறுநாள் கோர்ட்டில் பெயர் கூப்பிட்டபோது எங்களுக்காக எந்த வக்கீலும் எழவில்லை. நிலம் போனது. ஐந்தாவதோடு என் படிப்பும் நின்றது. வாயைத் திறந்து ஒழுங்காகக் கேட்கத் தெரியாத என் தப்பு அது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பா அதற்கு என்னை ஏன் ஓர் அடிகூட அடிக்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவே இல்லை.