அடுத்த சனிக்கிழமை வரச் சொன்ன வீடு

கௌதமன் இறந்த செய்தி ஓர் அஞ்சலட்டையில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, வறுத்துக் கொட்டிய காப்பிக்கொட்டை இன்னும் சூடு ஆறாமல் கிடந்த நேரம். நான்கே வரி. "என் மகன் கௌதமன் மஞ்சள் காமாலையில் பத்து நாள் படுத்திருந்து போன வியாழக்கிழமை இறந்துவிட்டான். உங்கள் கடை முகவரி அவன் எனக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பில் இருந்தது. தெரிவிப்பது என் கடமை." கீழே அவன் அப்பாவின் கையெழுத்து.

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படித்தபோது சாவைவிட அந்தக் கடிதம் பற்றிய வரிதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. என் கடை மாடியில் குடியிருந்த காலத்தில் அவன் வாராவாரம் அப்பாவுக்குக் கடிதம் போட்டான். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. பெரியவர் பிரிக்காமலே அடுப்பில் போடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பெங்களூர் அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் மர்பி டவுனிலும் இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்கள். குறை சொல்லவில்லை, நானும் வேறு விதமாக அதைத்தான் செய்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கையில் தோல் பை, பக்கத்தில் அதே மாதிரி இன்னொருவன். ஞாபகம் வரும். அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சின்ன சபைக்கு ஊழியம் செய்ய வந்தவன். சபையின் பெயர் தெருவில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. "காப்பி குடிக்காத சபை" என்றே சொன்னோம். சபையில் அவனுக்கு மூப்பர் என்று பட்டம். வயது இருபத்தொன்று. நான் அவன் என்றே எழுதுகிறேன். இருந்தபோது தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

மாடி அறை கேட்டு வந்த அன்று, வழக்கப்படி இரண்டு தம்ளர் காப்பி வரவழைத்தேன். என் கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் காப்பி, பிறகுதான் பேச்சு. அவன் தம்ளரைத் தொடவில்லை.

"வயித்து வலியா தம்பி?"

"இல்லண்ணா. எங்க சபையில காப்பி, டீ ரெண்டும் கிடையாது."

"அப்போ காப்பிக் கடை மாடியில குடி வர்றியே? நாள் பூரா வாசனை மூக்குல ஏறுமே?"

"மூக்கைப் பத்தி சபையில ஒண்ணும் சொல்லலைண்ணா."

அந்தப் பதிலுக்காகவே சாவியைக் கொடுத்தேன். என் மனைவி சரோஜா மறுநாளே அவர்கள் இருவருக்குமென்று சுக்குப் பால் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள்.

அவனுடைய வாரத்தை நான் கடையில் உட்கார்ந்தபடியே மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை ஓய்வு. ஓய்வு என்றால் சட்டைகளை நீலம் போட்டுத் துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, அப்பாவுக்குக் கடிதம். செவ்வாய் முதல் சனி வரை காலை ஒன்பதுக்கு இறங்கினால் நடைதான். காக்ஸ் டவுன் ஒரு நாள், ஆஸ்டின் டவுன் ஒரு நாள். ஞாயிறன்று மேலே நான்கு நாற்காலி போட்டுக் கூட்டம். நாலாவது நாற்காலி நிறைந்ததை நான் பார்த்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பட்டினி. எப்போதும் இருவராகத்தான் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது என்பது கட்டாய விதி. கூட்டாளி டேனியல், கோயம்புத்தூர்க்காரன். குழாயடிக்கு ஒருவன் போனால் மற்றவன் வாளிக்குக் காவல் போல நிற்பான். தெருவே சிரித்தது.

ஆனால் கௌதமனால் சும்மா இருக்க முடியாது. திங்கட்கிழமை சாயங்காலம் மாடியில் அவன் நடக்கிற சத்தம் கீழே கேட்கும். நான்கு எட்டு, திரும்புதல், நான்கு எட்டு. "அந்தத் தம்பி பலகையைத் தேய்ச்சிடும் போலிருக்கு" என்பாள் சரோஜா.

சனிக்கிழமை நான்கு மணிக்கு என் கடை மேஜைக்கு வருவான். மேலே மேஜை இல்லை. வாரத் தாளை அங்கே உட்கார்ந்து எழுதி, அசலை மதராஸிலிருந்த மேற்பார்வையாளருக்கு அனுப்புவான். கார்பன் நகல் அவனிடம். தட்டிய வீடுகள், உள்ளே அழைத்த வீடுகள், மறுபடி வரச் சொன்ன வீடுகள், ஞானஸ்நானம். கடைசிக் கட்டத்தில் எல்லா வாரமும் சைபர். நான் வியாபாரி. தலைகீழாக இருந்தாலும் தாளைப் படித்துவிடுவேன். மறுபடி வரச் சொன்ன வீடுகள் என்ற கட்டம் மட்டும் எப்படிப்பட்ட மோசமான வாரத்திலும் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. மழை பெய்து தெருவில் யாரும் கதவே திறக்காத வாரத்திலும் ஒன்று. சரி, தம்பியும் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் பொய்க் கணக்கு எழுதுகிறான் என்று முடிவு கட்டினேன். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

தாளை மடித்த பிறகு தவறாமல் ஒன்று கேட்பான். "அண்ணா, அஞ்சு நிமிஷம் இருக்கா? சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்."

"அடுத்த சனிக்கிழமை வா தம்பி, உக்காந்து கேக்கறேன்."

நான் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்புவதில்லை. கமிஷன் ஏஜெண்டு, நன்கொடைக்காரர், பெண் பார்க்கச் சொல்லும் உறவுக்காரர், எல்லோருக்கும் இதே பதில்தான். இந்தப் பதிலைக் கேட்டவர்கள் மூன்றாம் முறை வரமாட்டார்கள்.

டேனியல் காய்ச்சலில் விழுந்த வாரம், தனியாகப் போக விதி இல்லாமல் கௌதமன் கூண்டுப் புலி போலத் தவித்தான். "நீங்க வாங்கண்ணா, கூட நின்னா போதும்" என்றான். போனேன். காக்ஸ் டவுனில் முதல் வீட்டில் ஓர் அம்மாள் கதவை ஒரு சாண் திறந்து, "ஏனு பேக்கப்பா?" என்று, என்ன வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டாள். அவனும் கன்னடத்திலேயே, சொல்ல வந்ததைச் சொல்ல ஐந்து நிமிஷம் தரும்படி கேட்டான். கதவு சாத்திக்கொண்டது.

"தம்பி, கதவு திறந்த உடனே சரக்கை நீட்டாதே. வெயிலைப் பத்திச் சொல்லு, தண்ணி கேளு, குழந்தையைப் பத்தி விசாரி. அப்புறம் மெதுவா அவிழ்க்கணும்."

"ஏமாத்தி உள்ளே போகக் கூடாதுண்ணா. எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சுதான் கதவைத் திறக்கணும்."

"அப்படின்னா ஒருத்தரும் திறக்கமாட்டாங்க."

"அதுவும் அவங்க சொன்ன பதில்தானே?"

ஐந்தாவது வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் அவனை உள்ளே கூப்பிட்டார். கால் மணி நேரம் பேசினான். நான் வாசலில் நின்று, அந்த வீட்டில் எந்தக் கடைக் காப்பித்தூள் வாங்குகிறார்கள் என்று டப்பாவின் நிறத்தை வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

அவன் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்துக்காரன். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர், பௌத்தர். சங்கத்தில் மேடை ஏறிப் பேசுகிறவர். மகனுக்கு ஆசையாகப் புத்தர் பெயர் வைத்தவர். அந்த மகன் டை கட்டிக்கொண்டு வேறொரு சபைக்குப் போனால் எப்படி இருக்கும்? ரயிலேறும் முன் அவர் சொன்னதை ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னான். "ரெண்டு வருஷம் சுத்து. அந்தப் பட்டணத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், உன் பேச்சைக் கேட்டான்னு வந்து சொல்லு. அப்புறம் நான் கேக்கறேன்." அதுவரை பேச்சு இல்லை.

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது மதராஸிலிருந்து கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் நேரில் வருகிறார். பெங்களூரில் ஒருவர்கூடச் சேராவிட்டால் அறையைக் காலி செய்துவிட வேண்டியது. அன்று மாடியில் நடக்கிற சத்தம் நிற்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கொட்டை வறுக்கும் முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். "அந்தத் தம்பி சொல்றதுக்கு நாலு நாள் தலையாட்டு. அப்புறம் ஒரு முழுக்கு. அவ்வளவுதான்."

"காப்பி விடணும்னு சொல்றாங்களே மொதலாளி?"

"விட்டுட்டேன்னு சொல்லு."

"நானா? வறுக்கறவனா?" என்று சிரித்தான். ஆனால் தலையாட்டினான். நாள் ஒன்றுக்குப் பத்து தம்ளர் குடிக்கிறவன் முழுக்குக்கு முன் சொல்லித்தரும் நான்கு பாடமும் கேட்டு முடித்தான். கௌதமன் அந்த வாரம் பறந்தான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். எனக்கும் பெருமை. ஒரு நல்ல பையனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கிருஷ்ணராஜபுரத்துக்கு அப்பால் எனக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் பம்புசெட் தொட்டியை நானே ஏற்பாடு செய்தேன். மேற்பார்வையாளர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாதவர், கரையில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார். கௌதமன் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில். முனிரத்தினம் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கினான். முழுக்குவதற்கு முன் கௌதமன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். சபையில் அப்படிக் கேட்பது முறையாம்.

"அண்ணா, நீங்களா வர்றீங்களா? யாராவது சொல்லி வர்றீங்களா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் கண்ணால் அதட்டினேன். கௌதமன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு முனிரத்தினத்தை.

"எனக்குப் பொய் சொல்ல வரல தம்பி" என்றான் முனிரத்தினம். "மொதலாளி உன் மேல ரொம்பப் பிரியமா இருக்காரு. ஒரு முழுக்குதானேன்னாரு. உன்னைப் பாத்தா எனக்கும் பாவமா இருந்துச்சு."

"காப்பி?"

"காலையில ரெண்டு தம்ளர்."

கௌதமன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். முனிரத்தினத்தின் கையைப் பிடித்துக் கரையேற்றி, துண்டால் தலை துவட்டிவிட்டான். பிறகு ஈரத்தோடு மேற்பார்வையாளரிடம் போய் இங்கிலீஷில் நடந்ததை முழுக்கச் சொன்னான். அன்றே அறையை மூட உத்தரவாகிவிட்டது.

திரும்பும் வழியில் கத்தினேன். "அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாதுடா! நீ முழுக்கியிருந்தா யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியாதுண்ணா. முனிரத்தினம் அண்ணாவுக்குத் தெரியுமே."

அதற்கு மேல் அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

கிளம்பும் அன்று கடைசி வாரத் தாளை என் மேஜையில் எழுதினான். ஞானஸ்நானம் சைபர். மறுபடி வரச் சொன்ன வீடுகள் ஒன்று. என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "முனிரத்தினத்து விஷயத்துல அவ்வளவு சுத்தம் பார்த்தியே, இந்த ஒண்ணு மட்டும் என்ன? வாராவாரம் போடறியே, எந்த வீடு?"

நிமிர்ந்து பார்த்தான். "உங்க வீடுதாண்ணா. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த வாரம் வரச் சொன்னீங்க இல்ல?"

"அது நான் எல்லாருக்கும் சொல்றதுடா."

"தெரியும்ணா. ஆனா சொன்னீங்க. நானும் வந்தேன்."

நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு மாரிக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மருந்து வாங்கப் பெங்களூர் சிக்பேட்டைக்கு வரும் சனிக்கிழமைகளில் நான்கு மணிக்குக் கடைக்கு வருவான். டை இல்லை, நடை மட்டும் அதே வேகம். சரோஜா சுக்குப் பால் கொடுப்பாள். முனிரத்தினம் வேண்டுமென்றே காப்பித் தம்ளரை அவன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவான். இத்தனை வருஷம் கழித்தும் கிளம்பும்போது கேட்பான். "அண்ணா, அஞ்சு நிமிஷம்?" நானும் அதே பதிலைச் சொல்வேன். இருவரும் சிரிப்போம். போன மாதம்கூடச் சொன்னேன்.

அஞ்சலட்டை கிடைத்த மறுநாளே ரயிலேறி மாரிக்குப்பம் போனேன். சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. சுவரில் புத்தர் படம். மகன் வீடு திரும்பிய பிறகு இருவரும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தார்கள். சாப்பாடு, சம்பளம், தண்ணீர் எல்லாம் பேசினார்கள், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. பெரியவர் இருமிக்கொண்டே ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். இரண்டு வருஷத்துக் கடிதங்களும் பிரிக்கப்பட்டு, தேதி வாரியாக அடுக்கியிருந்தன.

"எல்லாம் படிச்சேன்" என்றார். "நடந்த தெரு, சாப்பிட்ட சோறு, உங்க சம்சாரம் குடுத்த பாலு, எல்லாம் எழுதியிருக்கான். வீடு வீடா என்ன சொன்னான்னு மட்டும் ஒரு வரி இல்ல. நான் கேக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்ல, அதான் எழுதல. ஒரு ஆளு கேட்டான்னு வந்து சொல்லுவான்னு காத்திருந்தேன். அவன் சொல்லல. எனக்கும் கேக்க வாய் வரல." என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம் உங்க மாடியில இருந்தான். நீங்க கேட்டிருப்பீங்க. சொல்லுங்க, என் பிள்ளை என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்?"

வியாபாரத்தில் எதிராளி எந்தக் கேள்வி கேட்டாலும் எனக்குப் பதில் தயாராக இருக்கும்.  அன்றும், "அடுத்த வாரம் வந்து சொல்றேன் ஐயா" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

முனிரத்தினத்தைக் கேட்டேன். நான்கு பாடம் கேட்டவன் ஆயிற்றே. "தலையாட்டணும்னுதானே சொன்னீங்க மொதலாளி, கேக்கணும்னு சொல்லலையே" என்றான். டேனியலுக்கு எழுதிய கடிதம் முகவரி மாறித் திரும்பி வந்துவிட்டது. காக்ஸ் டவுனில் அந்த ரயில்வேக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தச் சபையில் வேறு யாராவது அதே பாடத்தைச் சொல்லக்கூடும். பெரியவருக்கு வேண்டியது அது இல்லை. அவர் பிள்ளை எப்படிச் சொன்னான் என்பது.

என்னிடம் அவனுடையது என்று இருப்பது அந்தக் கார்பன் நகல் ஒன்றுதான். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மறுபடி வரச் சொன்ன வீடுகள், ஒன்று.

உங்களில் யாராவது ஒருவர், வெயில் நாளிலோ மழை நாளிலோ, அந்தப் பையனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பீர்கள். ஐந்து நிமிஷம் கேட்டிருப்பீர்கள். ஒரு வாக்கியம் ஞாபகம் இருந்தாலும் போதும். கடைக்கு வந்து சொல்லுங்கள். காப்பி தருகிறேன், வேண்டாம் என்றால் சுக்குப் பால். நான் உட்கார்ந்து கேட்கிறேன். சனிக்கிழமை மாரிக்குப்பம் போக வேண்டும்.